ஒற்றைப் பூவும் தெர்மாகோல் சிப்பியும்

ஸ்கூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரஹ்மத்துல்லா பாய் காலைத் தரையில் ஊன்றிவிடுவார். பின்னால் உட்கார்ந்திருப்பவர் உயிரைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில், திருவிடந்தைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பூவரச மரம் கண்ணில் பட்டுவிட்டால் அவருக்கு பிரேக், இண்டிகேட்டர் எதுவுமே ஞாபகத்தில் இருக்காது. வண்டியை ஓரமாகச் சாய்த்துவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்த சம்பந்தி மாதிரி மரத்தை மெல்லச் சுற்றி வருவார்.

"அது வாணாம் ரைட்டரம்மா. ரொம்ப மலந்துட்ச்சி. பல்ல காட்டிகினு நிக்கிது பாருங்க. இது அழுதுகினு கீது, இதுவும் வாணாம்." இலைக்குள் ஒளிந்திருந்த ஒரு பாதி மொட்டின் முன்னால் நின்றார். "இது இன்னும் முடிவு பண்ல. பூக்கலாமா வாணாமான்னு யோசிச்சிகினு கீது. இத்த எடுத்துக்கலாம்." சட்டைப் பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, இரண்டு இலையோடு நறுக்கி, ஈரத்துணி போட்ட டிபன் பாக்ஸில் படுக்க வைத்து, மூடியை மூடாமல் என் மடியில் கொடுத்தார். "ஆட்டாம வாங்க" என்றார். ஆட்டுவது அவருடைய ஸ்கூட்டர். பழி என் மேல்.

ஒரே ஒரு பூவுக்கு இத்தனை பாடுபடும் இந்த மனிதர் முதல் நாள் மாலை என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? செங்கல்பட்டுக் கல்யாண மண்டபம் ஒன்றில், லோடு ஆட்டோ நிறையச் சாமந்தியை இறக்கி, மேடையில் விரல் வைக்க இடமில்லாமல் அடைத்துக்கொண்டிருந்தார். பாயின் தொழில் மேடை அலங்காரம். தெர்மாகோல் தூண், ஜிகினாத் திரை, பிளாஸ்டிக் ஆர்க்கிட், ஓடி ஓடி எரியும் சீரியல் செட். செங்கல்பட்டிலிருந்து கருங்குழி வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டு மண்டபங்களில் 'சீரியல் செட் பாய்' என்று கேட்டால் வாட்ச்மேன்கூட நம்பர் கொடுப்பார்.

அந்தத் தொழிலுக்கு அவர் வைத்திருக்கும் சட்டம் ஒன்றுதான். "மேடைல வெறும் எடம் தெரிஞ்சா, பொண்ணு வூட்டுக்காரன் அத்த பாக்க மாட்டான், நம்ம மூஞ்சியப் பாப்பான். அத்தொட்டு அடச்சிடணும்."

ஐம்பத்தைந்து வயது. வெள்ளைச் சட்டை, தூக்கிக் கட்டிய கட்டம் போட்ட லுங்கி. சட்டைக் காலரில் வரிசையாகக் குண்டூசிகள். பெருநாளன்று அவரைக் கட்டித் தழுவி வாழ்த்துச் சொல்ல ஊரில் பாதிப் பேர் யோசிப்பார்கள். வேலை நேரத்தில் உதட்டிலும் நாலைந்து ஊசி இருக்கும் என்பதால் வாயின் இடது ஓரத்தால் மட்டும் பேசிப் பழகியவர், ஊசி இல்லாத நேரத்திலும் அந்த ஓரத்தால்தான் பேசுகிறார். யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிட்டுப் போனால் நிம்மதியாகச் சாப்பிட மாட்டார். பிரியாணி ஆவி பறக்க முன்னால் இருக்கும். பாய் எழுந்துபோய் இன்னொருவர் போட்ட மேடையில் தொங்கிப்போன துணியை இழுத்துக் குத்திவிட்டு வருவார். "கண்ணுல உறுத்துதும்மா. அத்த பாத்துகினே எப்டி சோறு எறங்கும்?"

உண்மையைச் சொன்னால், நான் எழுதப் போனது பாயைப் பற்றி அல்ல. பத்திரிகையில் என்னைப் பிடித்துத் தள்ளியது வேறொரு விஷயத்துக்கு. மறைமலை நகர்ப் பக்கம் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் ஜப்பானியரின் மனைவி, கியோகோ, திருவிடந்தையில் வாடகை வீட்டில் தேநீர்ச் சடங்கு நடத்துகிறார், போய்ப் பார்த்து எழுதுங்கள் என்றார்கள். கல்பாக்கம் நகரியத்தில் குடியிருப்பவள் நான்தான், பக்கம் என்று தலையில் கட்டிவிட்டார்கள். போனேன். கியோகோ முழங்கால் மடித்து உட்கார்ந்து பச்சைத் தூளை மூங்கில் மத்தால் நுரைக்க நுரைக்க அடித்துக்கொண்டிருந்தார். என் கண்ணோ அறையின் மூலையில், எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இந்த மனிதரின் காதிலேயே இருந்தது. காதோரம் ஒரு பொட்டு ஜிகினா மின்னிக்கொண்டிருந்தது.

அந்த அறையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது ஒரு சாதாரணப் படுக்கையறை. துணி மாட்டும் சுவர் அலமாரியின் கதவுகளையும் தட்டுகளையும் கழற்றி எடுத்து ஆளுயர மாடம் ஆக்கியிருக்கிறார்கள். மாடத்துக்குள் தூரிகை எழுத்து உள்ள ஒரு காகிதச் சுருள் தொங்கும். அதன் கீழே, ஒரு பக்கமாக, ஒரு பூ. சில நாட்களில், மடித்த வெள்ளைத் தாளின் மேல் வாசனைப் பொருள் வைக்கும் ஒரு சின்னச் சிமிழ். அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் வெறும் இடம். விருந்தாளி உள்ளே வந்ததும் வீட்டுக்காரரிடம் போவதில்லை. நேரே மாடத்தின் முன் மண்டியிட்டு, தரையில் விரித்த பாயில் கை வைத்து வணங்கி, முதலில் மேலே சுருளை, பிறகு கீழே பூவைப் பொறுமையாகப் பார்க்கிறார். பேச்செல்லாம் அப்புறம். படியேறும் முன்பே "காபியா, டீயா, வெயில்ல வந்தீங்களா, ஏன் இளைச்சுட்டீங்க" என்று பிடுங்கி எடுக்கும் நமக்கு இது பழகக் கொஞ்ச நேரம் ஆகும்.

இந்த மாடத்துக்கும் பாய்க்கும் எப்படி முடிச்சு விழுந்தது என்று கேட்டேன். பாய் வாயின் இடது ஓரத்தைத் துடைத்துக்கொண்டார்.

மேடைக்கு மரச்சட்டம் அடிக்கிறவர்தானே என்று, மாடத்துக்கு மரவேலை செய்ய வீட்டுச் சொந்தக்காரர் அனுப்பிய ஆள் அவர். வேலை முடிந்ததும் கியோகோ சைகையில், "நாளைக்கு விருந்தாளி, இங்கே பூ" என்று காட்டியிருக்கிறார். அவ்வளவு போதாதா பாய்க்கு? மறுநாள் விடியும்போதே லோடு ஆட்டோ வந்து நின்றது. மாடத்தின் மூன்று சுவரிலும் சாமந்திச் சரம், மேலே ரோஜாப் பந்து, நடுவில் மல்லிகைத் திரை, கீழே பொடி வெள்ளை ஜிப்சிப் பூவில் ஒரு மேகம். சுருளைச் சுற்றி நீல நிற சீரியல் செட். சடங்குக்குரிய மெல்லிய வாசனை ஒன்று உண்டு, அதற்குப் போட்டியாக வேறு மணமே கூடாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? கடைசியாகப் பன்னீர்ச் செம்பை எடுத்து அறை முழுக்கத் தெளித்து முடித்தார். விருந்தாளிக்கு அதுதானே மரியாதை!

"மேடம் வந்தாங்க. பாத்தாங்க. வாய பொத்திகினு சிரிச்சாங்க பாருங்க ஒரு சிரிப்பு! நின்னுகினு சிரிக்க முடியாம கீழ உக்காந்துட்டாங்க. கண்ல தண்ணி. நமக்கு இன்னா ஏதுன்னே புரில."

பிறகு கியோகோ ஒவ்வொரு சரமாகக் கழற்றி மடித்து வெளியே வைத்தார். வேலியில் படர்ந்திருந்த சங்குப்பூவில் ஒன்றைக் கொடியோடு கிள்ளி வந்து மூங்கில் குழாயில் வைத்தார். அறையே அடங்கிப்போயிற்று. பாய் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தபோது காது இரண்டும் நெருப்பாய் எரிந்ததாம். அன்று வீட்டில் சோறு தொடவில்லை. "முப்பது வருச சர்வீஸு. ஒரு வேலிப்பூவு வந்து ஒதச்சி தள்ளிட்ச்சே!" ஆனால் மறுநாள், யாரும் கூப்பிடாமலே, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திருவிடந்தைக்கு வந்து நின்றார். அந்தச் சங்குப்பூ இன்னும் இருக்கிறதா, அதே மாதிரி இருக்கிறதா என்று பார்க்க. அன்றைக்குச் சிக்கியவர்தான். அதற்கப்புறம் கியோகோவின் மாடத்துக்குப் பூ எடுத்துவருவது பாயின் வேலை ஆகிவிட்டது.

ஒரு பொய்யும் அங்கேதான் பிறந்தது. "பாய், கல்யாணத்துல இன்னமும் அப்டிதான் பண்றியா?" என்று, தமிழ் கொஞ்சம் பிடிபட்ட பிறகு ஒருநாள் கியோகோ கேட்டிருக்கிறார். கேட்டவர் முகத்தில் ஒரு சிரிப்பு. பாய்க்கு அந்தப் பழைய சிரிப்பு ஞாபகத்துக்கு வந்துவிட்டது. "அதெல்லாம் உட்டுட்டேன் மேடம். இப்பல்லாம் ஒரு பூவுதான்" என்று சொல்லிவிட்டார். எவ்வளவு பெரிய புளுகு! அன்று மாலையே மதுராந்தகத்தில் அன்னப்பறவை வளைவு கட்டினார்.

"உங்க கைல சொல்றதுல தப்பில்ல. அவங்க கைல சொல்லிடாதீங்க ரைட்டரம்மா. அவுங்க என்னை ஒரு மாரி நெனச்சிகினு கீறாங்க. அத்த கெடுத்துக்க இஷ்டமில்ல" என்றார். அதைச் சொல்லும்போது அந்தப் பேச்சுக்காரர் குரலே இறங்கிப்போயிற்று. அதனால்தான் திருவிடந்தைக்கு வரும் நாளெல்லாம் காலரிலிருந்து ஊசிகளைக் கழற்றிவைப்பதும், தேங்காய் எண்ணெய் தேய்த்துக் கையிலுள்ள ஜிகினாவைத் துடைப்பதும். ஜிகினா அப்படிப் போகிற சாதியா? ஒரு தடவை தரைப்பாயில் கிடந்த ஒரு துணுக்கைக் கியோகோ விரல் நுனியில் ஒற்றி எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஜன்னலுக்கு வெளியே ஊதிவிட்டதை நான் பார்த்தேன். பாய் பார்க்கவில்லை.

பூ வைக்கும் பாத்திரத்திலும் பாய் பெரிய ஆள் ஆகிவிட்டார். கூடைப் பாத்திரம் வெயில் காலத்துக்கு மட்டும் என்று அங்கே ஒரு வழக்கம். "நம்மூர்ல எப்ப மேடம் வெயில் காலம் இல்ல?" என்று கேட்டு, சதுரங்கப்பட்டினக் கரையில் ஒருவர் இடுப்பில் கட்டியிருந்த, மீன் போடும் பறிக்கூடையைக் கெஞ்சி வாங்கி, நாலு நாள் வெயிலில் காயவைத்து, உள்ளே ஒரு குழாயைச் செருகிக் கொண்டுவந்தார். கியோகோ அதைக் குழந்தை மாதிரி இரு கையிலும் வாங்கிக்கொண்டார். மீன் வாசனை? "இன்னும் கொஞ்சம் கீது. மேடத்துக்கு ஜலதோஷம் புட்ச்ச அன்னிக்கி வெச்சேன்."

சுருளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுக்கொள்வதும் அவர்தான். ஒருநாள் ஒரே ஓர் எழுத்து. காற்று என்று அர்த்தமாம். "அத்த மாட்டிட்டு ஜன்னலயும் தொறந்து உட்டாங்கம்மா. ரூமுக்குள்ள ரெண்டு காத்து!" என்று சொல்லிவிட்டு ரசித்தார். பிறகு ரகசியமாக, "சைடுல சின்னதா ஒரு எல்.இ.டி. உட்டா இன்னும் எடுப்பா இருக்கும். கை துடிக்கும். வாய மூடிகினு இருப்பேன்" என்றார்.

மாடத்தின் முன் மற்றவர்கள் தரையில் கை வைத்து வணங்கும்போது பாய் மட்டும் வணங்க மாட்டார். "குனியற எடம் நமக்கு ஒண்ணுதான் மேடம்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். அதற்குப் பதில் முழங்காலிட்டு உட்கார்ந்து வலது கையை நெஞ்சில் வைத்துக்கொள்வார். கியோகோ அதற்குத் தலையசைத்ததோடு சரி. அந்த வீட்டில் அது பாயின் வணக்கம் என்று ஆகிவிட்டது.

மாடத்தில் அவருக்கு உயிரே ஒரு பொருளின் மேல்தான். வாசனைச் சிமிழாக வைக்கும் ஒரு சிப்பி. நிஜச் சிப்பி, உள்ளங்கையில் அடங்கும். வெளியே பார்த்தால் நம் கடற்கரையில் காலில் மிதிபடும் சாதாரண ஓடு. அதை விருந்தாளி தானாகத் தொடக் கூடாது. "ஹைக்கென்" என்று சொல்லி, காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்ட பிறகு அது அவர் முன்னால் வரும். மெல்லத் திறந்தால், உள்ளே முழுக்கத் தங்கப் பூச்சு, அதன் மேல் நீல அலை. பார்த்துவிட்டு மூடிவிட வேண்டும். "வெளிய ஒண்ணுமில்ல. உள்ள வெச்சிகீறான் பாருங்க! கேட்டாத்தான் தொறப்பான்!" என்று சொல்லும்போது பாய்க்கு உடம்பே சிலிர்க்கும்.

தேநீர் மட்டும் அவருக்கு ஆகவில்லை. "வேப்பல கசாயம் கணக்கா கீதும்மா" என்பார். இரண்டு கையாலும் கிண்ணத்தை ஏந்தி மரியாதையாக ஒரு மடக்கு குடித்துவிட்டு, வெளியே வந்து தன் பிளாஸ்கிலிருந்து இஞ்சி டீயை ஊற்றிக் குடித்து வாயைச் சமாதானம் செய்வார். சடங்கு முடிந்ததும் கியோகோவும் வெளியே வந்து கையை நீட்டுவார். "பாய், நம்ம டீ கீதா?" அவருடைய தமிழ் முழுக்க முழுக்க பாயிடம் கற்றது. பட்டுக் கிமோனோ, அளந்து வைக்கும் அடி, வாயைத் திறந்தால் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு. முதல்முறை கேட்டபோது எனக்குப் புரையேறிவிட்டது.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் மகள் ஷஃபானாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பையன் ரயான், அச்சிறுபாக்கத்துப் பக்கம். ஷஃபானா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் தெளிவான பெண். நகை, புடவை, சாப்பாடு எதிலும் அவள் வாய் திறக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அத்தா, ரிசப்ஷனுக்கு எனக்கு அந்தச் சிப்பி வேணும்."

எந்தச் சிப்பி? பாய் வருஷக்கணக்கில் யோசித்துத் தெர்மாகோலில் செய்த ராட்சசச் சிப்பி. ஒரு சோபாவும் இரண்டு ஆளும் உள்ளே அடங்குவார்கள். மூடியபடி மேடையில் இருக்கும். சுவிட்சைத் தட்டினால் மோட்டார் ஓடி மேல் ஓடு எழும்பும். உள்ளே முத்து முத்தாக விளக்கு எரியும். மாப்பிள்ளையும் பெண்ணும் ஜொலிப்பார்கள். ஷஃபானா பள்ளிக்கூடம் போன காலத்தில், வீட்டு வாசலில் பெயின்ட் காய்ந்துகொண்டிருந்த அதற்குள் ஏறித் தூங்கி, ஊரெல்லாம் அவளைத் தேடியிருக்கிறார்கள். தொழிலில் பாய்க்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அதுதான். எத்தனையோ பேர் வீட்டுப் பெண்கள் அதில் உட்கார்ந்து எழுந்தாயிற்று.

"மோட்டாரு பூட்ச்சிம்மா" என்றார் பாய்.

வீட்டில் பாய்க்குப் பொய் ஒட்டாது. ஷஃபானா நேரே போய், விளக்கு வேலை பார்க்கும் பூபாலனைக் கூட்டிவந்து குடோனில் சுவிட்சைப் போடச் சொன்னாள். சிப்பி அழகாகத் திறந்தது. வீட்டில் சண்டை தொடங்கியது. பாய் உண்மையைக் கொட்டினார். மேடையை வெறுமையாக விட்டு, பின்னால் வெள்ளைத் துணி கட்டி, ஒரு பறியில் ஒரு பூவரசம்பூ வைக்கப் போவதாகச் சொன்னார். அவர் மனைவி ஷஹர்பானு அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தார்.

"இன்னாங்க, புத்தி கித்தி பெசகிட்ச்சா? ஊர்ல கீற பொண்ணுக்கெல்லாம் லாரி லாரியா பூவ கொட்டிட்டு, சொந்தப் பொண்ணுக்கு ஒத்தப் பூவா? சம்பந்தி வூட்ல இன்னா சொல்வாங்க, பாய் போண்டியாயிட்டாருன்னு சொல்வாங்க!"

ஷஃபானா கத்தவில்லை. "அது உங்க ஆசை அத்தா. எனக்கு எங்க அத்தா செஞ்சது வேணும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அதற்கு மேல் எந்தத் தகப்பன் நிற்பான்? சிப்பி முடிவாயிற்று. ஆனால் பாய்க்கு ஒரு கவலை மட்டும் விடவில்லை. கியோகோ அந்த மேடையைப் பார்த்துவிடக் கூடாது. பார்த்தால் இத்தனை நாள் சொன்ன பொய் நாறிவிடும். அதைவிட, மறுபடி வாயைப் பொத்திக்கொண்டு அந்தச் சிரிப்பைச் சிரித்துவிட்டால்? அதுவும் மகள் உட்கார்ந்திருக்கும் மேடையைப் பார்த்து? "கல்யாணம் வூட்டோட சிம்பிளா மேடம்" என்று சொல்லி முடித்துவிட்டார்.

ஷஹர்பானு சும்மா இருப்பாரா? தான் கொடுத்தனுப்பும் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, கழுவிய பாத்திரத்தில் ஒவ்வொரு முறையும் ஏதாவது தின்பண்டம் வைத்து அனுப்பும் பெண்ணைக் கூப்பிடாமல் இருப்பதாவது! கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். புருஷனிடம் மூச்சு விடவில்லை.

ரிசப்ஷன் அன்று நானும் போயிருந்தேன். சும்மா சொல்லக் கூடாது, பாய் தன்னையே மிஞ்சியிருந்தார். சாமந்தியில் அலை, நீலத் துணியில் கடல், மேலிருந்து தொங்கும் பிளாஸ்டிக் பவளம், ஓரத்தில் தெர்மாகோல் மீன். மகளுக்கென்று கை ஓடினால் எங்கே நிற்கும்? நடுவில் மூடிய சிப்பி. உள்ளே பெண்ணும் மாப்பிள்ளையும் ஏற்கெனவே உட்கார்ந்தாயிற்று. பாட்டு ஏறியது. பாய் புதுச் சட்டையில், பழக்கதோஷத்தில் காலர் நிறைய ஊசியோடு, மேடையோரத்தில் சுவிட்சின் மேல் விரலை வைத்திருந்தார்.

அப்போது வாசலில் கியோகோ.

வெளிர்நீலக் கிமோனோ. பக்கத்தில் கணவர், கையில் பரிசுப் பொட்டலம். பாயின் விரல் அப்படியே நின்றுவிட்டது.

"போடு பாய்!" என்று பூபாலன் கத்தினார். பாட்டு ஒரு தடவை முடிந்து மறுபடி ஆரம்பித்தது. பாய் அசையவில்லை. ஷஹர்பானு மேடைக்குக் கீழே வந்து, "இன்னாங்க, மரம் மாரி நிக்கிறீங்க, புள்ளைங்க உள்ள கீதுங்க!" என்றார். பாயின் சட்டைப் பையில் செல்போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். ஷஃபானாவின் குரல் முதல் வரிசையில் இருந்த எனக்கே கேட்டது. "அத்தா! தொறங்க அத்தா! வேர்த்து ஊத்துது, மேக்கப் போகுது!"

"இரும்மா" என்றார் பாய். கண் மட்டும் நடைபாதையில். கியோகோ அளந்த அடியாக வந்துகொண்டிருந்தார். இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். சிப்பிக்குள் அடைபட்ட மகள் ஒரு பக்கம், இந்த அம்மாள் ஒரு பக்கம். பாயின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. போடுங்களேன் ஐயா என்று கத்த வேண்டும் போல வாய் வரை வந்துவிட்டது.

கியோகோ மேடைக்கு முன்னால் வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாகத் திருப்பி வைத்தார். சிவப்புக் கம்பளத்தின் மேல், நட்டநடுவில், முழங்கால் மடித்து உட்கார்ந்தார். மண்டபத்தில் சளசளப்பு நின்றது. யாரோ பாட்டையும் நிறுத்திவிட்டார்கள்.

வணங்குவார் என்று நினைத்தேன். அவர் கை தரைக்குப் போகவில்லை. வலது கை மெல்ல எழுந்து நெஞ்சில் அமர்ந்தது. பாயின் வணக்கம். பிறகு பார்க்கத் தொடங்கினார். மாடத்தில் சுருளைப் பார்ப்பது போல முதலில் மேலே, பவளத்தை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே, சாமந்தி அலையை, மீனை, நீலக் கடலை. ஒன்றையும் விடவில்லை. கடைசியாக மூடிய சிப்பியில் கண் வந்து நின்றது.

"மேடம்" என்றார் பாய், வாயின் இடது ஓரத்தால். "உட்டுட்டேன்னு சொன்னது பொய்யி மேடம்."

கியோகோ அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. தலையை லேசாகச் சாய்த்து, "ஹைக்கென்" என்றார். பாய்க்குச் சட்டென்று விளங்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, கற்றுக்கொடுத்தவரின் தமிழிலேயே மறுபடி கேட்டார். "இன்னா பாய், தொறந்து காட்டமாட்டியா?"

பாய் சுவிட்சைத் தட்டினார். மோட்டார் உறுமியது. மேல் ஓடு ஆடி ஆடி எழும்ப, உள்ளே முத்து விளக்கெல்லாம் ஓடி ஓடி எரிய, ரயான் தன் கைக்குட்டையால் ஷஃபானாவின் நெற்றியை ஒற்றிக்கொண்டிருந்ததை மண்டபமே பார்த்தது. விசில் பறந்தது. ஷஃபானா வெட்கமும் வேர்வையுமாகச் சிரித்தாள். கியோகோ வாயைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. அதே சிரிப்பு. ஆனால் இப்போது எதிரில் நின்ற மனிதரும் வாய் முழுக்கத் திறந்து, இரண்டு ஓரத்தாலும், சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு பாய் வாசல் வரவேற்பு மேசைக்கு ஓட்டமாக ஓடினார். பன்னீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, கம்பளத்தில் உட்கார்ந்திருந்த கியோகோவின் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, தாராளமாகத் தெளித்தார்.